மாமாவின் தேவன்

எங்கள் வீட்டு ஜெபத்தில் ஆபிரகாமின் தேவன் உண்டு, ஈசாக்கின் தேவன் உண்டு, மூன்றாவதாக மாமாவின் தேவன் உண்டு. வேதத்தில் அந்த மூன்றாமவர் யாக்கோபு; தாத்தாவின் பெயரும் அதுதான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதில் அம்மா கறார். வேதம் வாசிக்கும் முறை அவளுக்கு வந்தால், பசியோடு வந்த அண்ணனுக்குக் கூழைக் கொடுத்து உரிமையைப் பறிப்பது மாமாவாகத்தான் இருக்கும். அதுவும் மரியாதையாக, 'பறித்துக்கொண்டார்' என்று. தாத்தா கண்ணை மூடியபடி தலையாட்டுவார். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தம்பி பிறந்தான். தலைப்பேரனுக்குத் தாத்தா பெயர்தான் என்பது அவன் பிறக்கும் முன்பே முடிவான விஷயம். மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் பழக்கடை வைத்திருந்த தாத்தா, ஞானஸ்நான விருந்துக்கு வாழைத்தார் கூட ஒதுக்கிவிட்டார்.

"அப்போ எம் புள்ளைய நான் என்னன்னு கூப்பிடுறது?" என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

"தம்பின்னு கூப்பிடேன்" என்று சொல்லிவிட்டு அப்பா ஸ்கூட்டரைத் துடைக்கப் போனார். அம்மா, ஒத்தாசைக்கு வந்திருந்த தன் தங்கையோடு, அதாவது என் சித்தியோடு, அடுப்படியில் வெகுநேரம் குசுகுசுத்தாள்.

சித்தி ஞாயிறுப் பள்ளி டீச்சர். மறுநாளிலிருந்து வீட்டில் எல்லார் பெயருக்கும் எபிரேய அர்த்தம் சொல்ல ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு தெபோராள் தேனீயாம். ராகேல் என்றால் பெண் ஆடாம். ராகேல் நான். அழுதுகொண்டு நின்ற என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை, அதற்குள் சித்தி தாத்தாவிடம் போயிருந்தாள்.

"யாக்கோபுன்னா குதிகாலைப் பிடிச்சவன்னு அர்த்தம் மாமா. ஏமாத்துறவன்னும் சொல்வாங்க."

தாத்தா முகம் சுண்டிப்போனது. வாடிக்கையாளர் கண்முன்னே தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு நிறுப்பவர் அவர்.

"மைசூர்ல எவம்மா எபிரேயம் பேசுறான்?"

"யாரும் பேசல. ஆனா புதுசா வந்த போதகருக்குத் தெரியும். சபையில எல்லார் முன்னாடியும் அர்த்தம் சொல்லித்தான் பேரு வைக்கிறாரு."

அன்று தாத்தாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் கடையிலிருந்து வந்ததும் தொட்டிலைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு வெச்சது வெச்சாச்சு. வியாபாரம் பண்ற குடும்பம். புள்ளைக்கு அந்தப் பேரு பேடா, வேணாம்." மனசு கெட்டால் அவருக்குக் கன்னடம் வந்துவிடும்.

"ஈசாக்குன்னு வைக்கலாம் மாமா. சிரிக்கிறவன்னு அர்த்தம்." சித்தி யோசிக்கவே இல்லை.

தாத்தாதான் யோசித்தார். "வேதத்துல ஈசாக்கு யாக்கோபுக்கு அப்பன்ல?" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. தன் அப்பனே திரும்பி வந்து தொட்டிலில் படுத்திருப்பதாகத் தெருவெல்லாம் சொன்னார்.

அன்றைக்கு மீன் குழம்பில் நடுத்துண்டுகளாகப் பொறுக்கி அம்மா சித்திக்குப் போட்டாள். எனக்கு வால். தாத்தாவை ஏமாற்றுக்காரர் என்றவளுக்கு இத்தனை உபசாரமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஞானஸ்நானம் முடிந்து வீடு வந்ததும் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, "ஈசாக்கு" என்றாள். "டேய் ஈசாக்கு. இங்க பாருடா, ஈசாக்கு." தெருமுனைவரை கேட்டிருக்கும். மடியிலேயே கிடக்கிற பிள்ளையை எதற்கு இவ்வளவு சத்தமாகக் கூப்பிடுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.