மரக்காணம் ரோட்டில் ஒரு மெலிசு லேப்டாப்

லேப்டாப் விக்கிற தொழில்ல ஒரு வசதி உண்டு: கடையைத் தோள்ல மாட்டிக்கிட்டு கஸ்டமர் இருக்கிற இடத்துக்கே போயிடலாம். ஒரு கஷ்டமும் உண்டு: அதே கடையைத் தோள்ல மாட்டிக்கிட்டுத் திரும்பியும் வரணும். பையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்ச ஜனங்களே, உங்ககிட்ட சொன்னாத்தான் என் வயித்தெரிச்சல் புரியும்.

2005. பாண்டிச்சேரியில ஒரு கம்ப்யூட்டர் கடையில எனக்கு சேல்ஸ் வேலை. மரக்காணம் ரோடு முழுக்க என் ஏரியா. அப்பல்லாம் லேப்டாப்புன்னா மூணு கிலோ, மூணரை கிலோ. பஸ்ல நின்னுக்கிட்டே போய் என் வலது தோள் ஒரு பக்கமா இறங்கிப்போச்சு. வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா? முதலாளிகிட்ட போய், "சார், இனிமே மெலிசுதான் ஓடும், ஒண்ணு வாங்கிப் போடுங்க"ன்னேன். மாடலைத் தேடித் தேர்ந்தெடுத்ததும் நான்தான். ஒன்றரை கிலோகூட இல்லை. முதலாளி அதை என் கையில குடுத்துட்டு சொன்னாரு: "உன் பேச்சைக் கேட்டு வாங்கினது. ஆடி பொறக்கறதுக்குள்ள இதை நீ வித்துடணும். இல்லைன்னா ஆடியிலேருந்து நீ வீட்லயே இருந்துக்கலாம்."

மூடி

முதல் கஸ்டமர், மரக்காணம் கடைத்தெருவுல ஃபேன்சி ஸ்டோர் வெச்சிருந்த பாய். மகன் துபாய்ல இருக்கான். பாய்க்கு மகளோட நிக்காஹ் சிடியை லேப்டாப்ல போட்டுப் பாக்கணும். ரெண்டு விரல்ல தூக்கிப் பாத்துட்டு, "மாஷா அல்லா, கையில இருக்கறதே தெரியலையே"ன்னாரு. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு.

அப்புறம் சிடியைக் கையில வெச்சுக்கிட்டு, லேப்டாப்பைத் திருப்பித் திருப்பி அதைச் சொருகற இடத்தைத் தேடினாரு. "சிடி டிரைவ் தனியா இருக்குதுங்க பாய்"னு பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தேன். அதுக்கு ஒரு ஒயர். அது ஓட இன்னொரு கரன்ட் ஒயர். அப்புறம் செங்கல் சைஸ்ல ஒரு சார்ஜர். நான் பாத்துப் பாத்து தேர்ந்தெடுத்த மெலிசுல பாதி பைக்குள்ளதான் இருந்திருக்குது! கவுன்டர் மேல பரப்பி வெச்சதும் வளையல் டப்பாக்களை நகர்த்தவேண்டியதாப் போச்சு. பாய் எல்லாத்தையும் பொறுமையா பாத்துட்டு, ரொம்ப மரியாதையா கேட்டாரு:

"மூடி நல்லாருக்குது தம்பி. டப்பாவ எப்பக் கொண்டாருவீங்க?"

ஸ்க்ரூ டெஸ்ட்

அடுத்து ஒரு உப்பளக்காரர். பாத்தி பாத்தியா பைக்ல சுத்தறவரு, அவருக்கு மெலிசுதான் சரின்னு நினைச்சுப் போனேன். வரப்பு மேல வெச்சுத் திறந்தா, மேல வெயில், சுத்திலும் வெள்ளை வெளேர்னு உப்பு, ஸ்க்ரீன்ல என் மூஞ்சி மட்டும்தான் தெரிஞ்சுது. சரின்னு ஷெட்டுக்குள்ள போனோம். அவரு ஸ்க்ரீனைப் பாக்கவே இல்லை. ஃபேனைக் காட்டினாரு, துரு. பீரோவைக் காட்டினாரு, துரு. "உப்புக் காத்துப்பா. இங்க எந்தச் சாமான் வந்தாலும் இதான் டெஸ்ட்டு. ஒரு ஸ்க்ரூ கழட்டிக் குடு"ன்னாரு.

கழட்டிக் குடுத்தேன். வேற வழி? பாத்தியிலேருந்து ஒரு டம்ளர் தண்ணி மொண்டு, அதுல ஸ்க்ரூவைப் போட்டு ஜன்னல்ல வெச்சுட்டு, பத்து நாள் கழிச்சு வரச் சொல்லிட்டாரு. பத்து நாள் கழிச்சுப் போனா தண்ணி டீ கலர்ல இருந்துச்சு. ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டவும் முடியலை, மரை மொத்தமும் போச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த டம்ளரை அப்படியே தூக்கிப் போட்டிருப்பேன். அவரோ சாவகாசமா சொன்னாரு:

"பாரு, ஸ்க்ரூவே பத்து நாள் தாங்கல. ஆனா நீ நாணயமான ஆளுப்பா, வரச்சொன்ன நாளுக்கு வந்துட்ட."

மடி

அனுமந்தையில மீன் யாவாரி ஒருத்தரு. "மடியிலயே வெச்சு வேலை பாக்கலாம்ணே"ன்னு நான்தான் ஆசை காட்டினேன். கவுத்துப் போட்ட படகு மேல லுங்கியோட உக்காந்து வெச்சுக்கிட்டாரு. மெலிசா இருக்கறதால உள்ள இருக்கிற சூடு எங்க போகும்? நேரா கீழதான். அஞ்சு நிமிஷம் தாங்கினாரு. துள்ளி எழுந்து லுங்கியை உதறிக்கிட்டே கேட்டாரு:

"ஏம்பா, இத மடியில வெச்சுக்கலாம்னு சொன்னவன் ஒரு நாளாச்சும் லுங்கி கட்டியிருக்கானா?"

கை

ஆனி முடிய மூணு நாள். ராத்திரி தூக்கம் போச்சு எனக்கு. அப்பத்தான் அஞ்சலையக்கா கடைக்கு ஆள் அனுப்பினாங்க. உப்பளத்துல வேலை செய்யிற பொம்பளைங்க குழுவுக்கு அவங்கதான் செயலாளர், பத்தாவது பாஸ். கலெக்டருக்கு மனு எழுத, கூட்டத்துல பேசினதை எழுதிவைக்க குழுவுக்கு ஒரு லேப்டாப் வேணும். நாலு ஊருக்கு சைக்கிள்ல கொண்டுபோகணும், அதனால மெலிசு. பணமும் ரெடி. தெய்வமேன்னு உப்பளத்துக்கு ஓடினேன்.

அஞ்சலையக்கா டச்பேடுல விரலை வெச்சாங்க. அம்புக்குறி அசையலை. "அழுத்தாதீங்கக்கா, லேசா தடவுங்க." அசையலை. நான் தடவினா ஓடுது. பக்கத்துல இருந்த குழு பொம்பளைங்க அஞ்சு பேரும் தடவிப் பாத்தாங்க, ஒருத்தர் விரலுக்கும் அசையலை. மவுஸ் மாட்டலாம்னா, வரப்புல அதை எங்க வெச்சு ஓட்டறது? பதட்டத்துல என் வாயில வந்துடுச்சு: "கையைக் கழுவிட்டு வாங்கக்கா." அவங்க ரெண்டு கையையும் என் மூஞ்சிக்கு நேரா விரிச்சாங்க:

"நாலு மாசமா தண்ணியிலதான் நிக்குது இந்தக் கை. இன்னும் எங்க போயி கழுவறது?"

வெயிட்டு

அப்பத்தான் அந்த விரல்களை ஒழுங்கா பாத்தேன். உப்புத் தண்ணியில ஊறி, காஞ்சு, வெடிச்சு, ரேகையே தெரியலை. அந்த டச்பேடைப் பொறுத்தவரைக்கும் அங்க விரலே இல்லை. எனக்கு வெக்கமாப் போச்சு. அஞ்சலையக்கா தணிஞ்ச குரல்ல, "பழகப் பழக வந்துடும் இல்ல தம்பி?"ன்னு கேட்டாங்க. "வந்துடும்"னு ஒரு வார்த்தை சொன்னா என் வேலை நிக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. வெளியில வரமாட்டேன்னுடுச்சு. "வராதுக்கா, இது வேணாம்"னு மூடிட்டேன்.

மறுநாள் கடை மூலையில கிடந்த பழைய குண்டு லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுப் போனேன். கீபோர்டு நடுவுல சின்னதா ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அழுத்தினா அந்தப் பக்கம் அம்பு போகும், எந்த விரலா இருந்தாலும் சரி. அஞ்சலையக்கா அழுத்தினாங்க, அம்பு ஓடுச்சு, ஆறு பேரும் கைதட்டினாங்க. "மூணரை கிலோக்கா, தூக்கறதுக்குத்தான் கஷ்டம்"னு இழுத்தேன். அவங்க ஒரே கையில தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு சிரிச்சாங்க:

"உப்புக் கூடை தூக்குறவகிட்ட வந்து வெயிட்டுன்னு சொல்றியே தம்பி, இதெல்லாம் ஒரு வெயிட்டா?"

ஆடி

கடைசி நாள் மெலிசை முதலாளி டேபிள்ல வெச்சேன். பாய், உப்பளம், லுங்கி, அஞ்சலையக்கா கை, ஒண்ணு விடாம சொன்னேன். குண்டு வித்துப்போனதையும் சொன்னேன். நான் செஞ்சது நியாயம்னு ஒரு வார்த்தை வரும்னு எதிர்பாத்துக்கிட்டு நின்னேன். அவரு மெலிசைத் திறந்தாரு, மூடினாரு, தலைகீழா கவுத்துப் பாத்துட்டுக் கேட்டாரு:

"எல்லாம் சரி, இதுல ஒரு ஸ்க்ரூ எங்கடா?"

ஆடி ஒண்ணாம் தேதி வீட்ல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன்: நானே தேர்ந்தெடுத்த அந்த மெலிசு லேப்டாப்புல மரக்காணம் ரோட்டுல நான் தள்ளிவிட்டது மொத்தம் ஒரே ஒரு ஸ்க்ரூ, அதுவும் இனாம்.