ஐந்து பேர் கைகோத்தால்

நேற்று பஜாரில் புதுச் செருப்பு வாங்கினேன். காலில் போட்டுப் பார்க்காமல் முதலில் மூக்கருகே கொண்டுபோனேன். கடைக்காரர் சிரித்தார். அவருக்கென்ன தெரியும்! ஆம்பூரில் நான் வாத்தியாரம்மாவாக இருந்த நாளெல்லாம் இந்த வாசனைக்குள்தான் போனது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே தோல் பதனிடுகிற ஷெட். ஆவாரம்பட்டை ஊறுகிற நெடி பாடப்புத்தகத்தில்கூட ஏறியிருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது. ட்ரெய்னிங் முடித்த திமிர் வேறு. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு எண்களை விளையாட்டாகத்தான் சொல்லித்தருவேன் என்று பிடிவாதம். புளியங்கொட்டைகளைக் கைக்குள் மறைத்து எத்தனை என்று கேட்பேன். இரண்டு என்ற எண்ணை வாத்தாக்கிக் கரும்பலகையில் வரைந்தேன். "டீச்சர், செருப்பா?" என்றார்கள். என் ஓவியத்தின் லட்சணம் அப்படி.

அவர்களுக்கு மிகவும் பிடித்தது கைகோக்கிற ஆட்டம். நான் ஓர் எண்ணைச் சொன்னால் அத்தனை பேராகச் சேர்ந்து கைகோத்து நிற்க வேண்டும். மிஞ்சுகிறவர்கள் அவுட்.

வகுப்பில் இருபது பிள்ளைகள். ஆடியது பதினேழு பேர். தோல் ஷெட் வேலைக்காரர்களின் பிள்ளைகள் மூன்று பேருக்குச் சுவரோரம் தனிப் பாய். "அதுங்கள ஆட்டத்துல சேக்காதீங்க, ஊர்ல பேஜாராய்டும்" என்று தலைமையாசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த மூவரில் முனியம்மா என்று ஒருத்தி. ஆடுகிறவர்கள் கூட்டம் சேர்வதற்குள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று பாயிலிருந்தே விரலைக் காட்டிவிடுவாள். ஒரு மாதம் பொறுத்தேன்.

ஒரு நாள் "அஞ்சு!" என்று கத்தினேன். பதினேழு பேர் ஐந்தைந்தாகச் சேர்ந்தால் இரண்டு பேர் மிஞ்சுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் கத்தினேன். மிஞ்சியது அரிசி மண்டிக்காரர் மகள் கனகாவும் இன்னொரு பையனும். கனகா சுற்றிலும் பார்த்தாள்.

"டீச்சர், அங்க மூணு பேர் கீறாங்க!"

பையனையும் இழுத்துக்கொண்டு ஓடிப்போய் முனியம்மாவின் கையைப் பிடித்தாள். ஐந்து பேர். வகுப்பே கைதட்டியது.

மறுநாள் கனகாவின் அப்பா வந்து நின்றார். "இன்னாம்மா, என் பொண்ண யார் கையப் புடிக்க வெச்ச நீ?" பின்னால் நின்ற கனகாவின் காலில் பிரம்புத் தடம். அது எனக்கு விழ வேண்டிய அடி. இன்றும் உறுத்துகிறது.

தலைமையாசிரியர் ஒரு தாளை என் பக்கம் நீட்டினார். "இனிமே இப்படி நடக்காதுன்னு எழுதிக் குடும்மா."

"மாட்டேன் சார். இருபது பேர், நாலு கூட்டம், மீதி இல்ல. கணக்கு சரியா இருக்கு."

தாளை அவர் பக்கமே தள்ளினேன். எழுதவில்லை. மாதக் கடைசியில் என்னை அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். கிளம்புகிற அன்று வகுப்பை எட்டிப் பார்த்தேன். பாய் சுவரோரமாகத்தான் கிடந்தது. ஆனால் அதில் நான்கு பேர். முனியம்மாவை ஒட்டிக்கொண்டு கனகா. அவள் அப்பா இரண்டு தரம் வந்து இழுத்துப் போனாராம். இரண்டு தரமும் மறுநாளே அங்கே போய் உட்கார்ந்துவிட்டாளாம்.

அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்து வெகுநாளாயிற்று. தலைமையாசிரியரும் போய்ச்சேர்ந்துவிட்டார். வகுப்புகளில் தனிப் பாய் விரிக்கிற வழக்கமும் போய்விட்டது.

தானாகப் போகவில்லை.