ஆழம் அண்ணன்

இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுக்குச் சபையில் 'ஆழம் அண்ணன்' என்று பெயர். அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. ஆராதனை முடிந்து டீயும் கையுமாக நிற்கிறவர் தோளில் திடீரென்று ஒரு கை விழும்.

"அதெல்லாம் இருக்கட்டும் பிரதர், உள்ளுக்குள்ள எப்படி இருக்கீங்க?"

பதில் வருவதற்குள் அவரே ஒரு வசனம் சொல்லி, ஆமென் போட்டு, அடுத்த தோளுக்குப் போய்விடுவார். முகத்தில் பாலிசிக்குக் கையெழுத்து வாங்கிய திருப்தி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் ஐக்கியக் கூட்டம். அங்கே ஊர்க்கதைக்குத் தடை; மனம் திறந்து ஆழமாகத்தான் பேச வேண்டும் என்பது அண்ணன் கட்டளை. பேங்க் மேனேஜர் தனக்குப் பொறுமை குறைவு என்று கண் கலங்கினார். கேட்டால் பதவி உயர்வுக்கு மனுப் போடுகிற மாதிரி இருந்தது. எல்லோருக்கும் உதவி செய்து செய்து தன்னைக் கவனிக்க மறந்துவிடுவதே தன் பெரிய குறை என்றார் டீச்சரம்மா. எவ்வளவு தாழ்மை என்று உச்சுக்கொட்டினார்கள்.

அடுத்தது தையல்கடை அக்கா.

"என் வீட்டுக்காரர் செத்ததுலேர்ந்து எனக்குக் கடவுள் மேல கோபம். பாட்டுப் பாடும்போது வாயை மட்டும்தான் அசைக்கிறேன்."

மேனேஜர் போனைப் பார்த்தார். டீச்சரம்மா அவசரமாக பிஸ்கட் தட்டை நீட்டினார், தின்றால் கோபம் இறங்கிவிடும் என்பதுபோல. ஆழம் அண்ணன் "ஜெபிப்போம்" என்று கண்ணை மூடினார். அந்த ஜெபத்தில் தேசத் தலைவர்கள் வந்தார்கள், மிஷனரிகள் வந்தார்கள், மழைகூட வந்தது. அக்கா மட்டும் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் நாற்காலி காலி.

பாத்திரம் கழுவிக்கொண்டே மனைவி சொன்னாள்: "ஆழம் ஆழம்னு கூவுனீங்க. ஒருத்தி நிஜமா இறங்கினதும் நீங்க கரையேறி ஓடிட்டீங்க."

அது சுருக்கென்று தைத்தது. மறுநாள் பேன்ட்டின் நீளத்தைக் குறைக்கும் சாக்கில் கடைக்குப் போனார். அக்கா குனிந்து ஓரம் மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார்.

"அக்கா, நேத்து நீங்க சொன்னதுக்கு பைபிள்ல யோபு என்ன சொல்றார்னா..."

"அவர் சொன்னது எனக்குத் தெரியும். நீங்க என்ன சொல்றீங்க?"

அண்ணன் குனிந்து பார்த்தார். குண்டூசி கணுக்காலுக்குப் பக்கத்தில்.

"எனக்குப் பயம்க்கா. யாராவது என்னைக் கேட்டுடுவாங்களோன்னுதான் நான் முந்திக்கிட்டு எல்லாரையும் கேட்கிறேன். தனியா இருக்கும்போது நான் ஜெபமே பண்றதில்ல. காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லேன்னா எனக்கு வார்த்தை வரமாட்டேங்குது."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "சரியாப் போச்சு. நான் சத்தமில்லாம வாயசைக்கிறேன், நீங்க சத்தம் மட்டும் போடுறீங்க."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவர் அக்காவின் கணவரைப் பற்றிக் கேட்டார். அக்கா வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேசினார். தொண்டைவரை வந்த வசனங்களை அண்ணன் விழுங்கிக்கொண்டே கேட்டார். லேசான காரியமாக இல்லை.

அடுத்த வெள்ளி, தன்னைப் பற்றிய உண்மையைக் கூடத்தில் சொன்னார். அக்காவும் வந்திருந்தார். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன ஆழமான சாட்சி பிரதர்! ஞாயித்துக்கிழமை மேடையில சொல்லணும்" என்றார். அண்ணனுக்கு ஆசை வந்தது, நன்றாகவே வந்தது. அக்காவும் மனைவியும் அவரையே பார்த்தார்கள்.

"வேணாம் பிரதர். மேடையேறினா மறுபடி நல்லாப் பேச ஆரம்பிச்சிடுவேன்."

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. சீக்கிரமே அவரும் டீச்சரம்மாவும் வேறு கூட்டம் தேடிக்கொண்டார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சிய மூன்று பேருக்குக் கூடம் பெரிசாகத் தெரிந்ததால், சமையலறையிலேயே உட்கார்ந்து பேசினார்கள்.