ஆற்றோர நடையில் நான் திறக்கச் சொன்ன பை

நம் மலேசியாவில் வசந்தம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆனாலும் மார்ச் மாதத்தில் கேமரன் மலைக்குப் போனால் மழை ஓய்ந்திருக்கும், தேயிலை துளிர்த்திருக்கும், ஆற்றோரத்தில் காட்டு ஆர்க்கிட் மொட்டு விட்டிருக்கும் என்று சுமதி அண்ணி சொல்லிக்கொண்டே இருந்தார். அண்ணி என் அண்ணனின் மனைவி. வீட்டு வாசலில் அறுபது பூந்தொட்டி வைத்திருப்பவர். தேயிலைத் தோட்டம் வழியாக ஆற்றோரம் கூட்டமாக நடக்கும் ஒரு சனிக்கிழமை நடைக்கு எங்கள் இருவர் பெயரையும் அவரே கொடுத்துவிட்டார். அது போன மார்ச்சில்.

நான் ஈப்போவில் ஒரு கிடங்கில் பதினெட்டு வருடமாகச் சரக்கு சரிபார்க்கிறேன். வந்ததும் போனதும் சரிதானா என்று பார்ப்பதே பிழைப்பு. அதனால் எதையும் சுலபத்தில் நம்பமாட்டேன். வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரப் படத்தில் ஆறு கண்ணாடி போல இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டேன்.

காலை 5:15க்கு ஈப்போவை விட்டோம். சிம்பாங் பூலாய் வழியாக 6:40க்குக் கம்போங் ராஜா. கோலா தெர்லாவில் காய்கறி லோரிகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் ஊர்ந்தோம். சாலையோரம் தெரிந்த ஓடை பால் தேநீர் நிறத்தில் ஓடியது. "பார்த்தீங்களா அண்ணி, படத்துல இருந்த ஆறு" என்றேன். 7:30க்குத் தானா ராத்தா. மொத்தம் ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். தோசையும் தேநீரும் இரண்டு பேருக்குப் பதினேழு ரிங்கிட்.

எந்தத் தோட்டம் என்று எழுதப்போவதில்லை. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

தோட்டத்து கேட்டில் எட்டு மணிக்குப் பதினொரு பேர் கூடினோம். வழிகாட்டி கலா, அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும். வார நாளில் தானா ராத்தாவில் ஒரு கடையில் வேலை, சனி ஞாயிறு இந்த நடை. ஆளுக்கு நாற்பத்தைந்து ரிங்கிட். கிளம்பும் முன் எல்லாரையும் நிறுத்திச் சொன்னாள்.

"பூ, செடி, எதையும் தொடாதீங்க. போன மாசம் யாரோ ஆர்க்கிட்டைத் தோண்டிட்டுப் போயிட்டாங்க. இன்னொரு தடவை நடந்தா கேட்டை மூடிருவேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. அதோட என் நடையும் முடிஞ்சிரும் லா."

அந்த நிமிடத்திலிருந்து நான் இயற்கையைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவர் தனியாக வந்திருந்தார். அறுபத்தைந்து வயது, ராகவன் என்று பெயர் சொன்னார். அரை நாள் நடைக்கு எதற்கு அவ்வளவு பெரிய நீலப் பை?

பாதை போக மூன்று, வர மூன்று கிலோமீட்டர். முதல் பகுதி தேயிலைச் சரிவு, பிறகு காட்டுக்குள் ஆற்றை ஒட்டிய ஒற்றையடிப் பாதை. ஆறு தெளிவாகவே இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். மண்ணைக் கரைத்துவிடும் காய்கறித் தோட்டம் மேலே இல்லாத பக்கமாம். இரண்டாவது கிலோமீட்டரில், முறிந்து ஆற்றின்மேல் சாய்ந்திருந்த கிளை ஒன்றைக் கலா காட்டினாள். அதில் ஒரு கைப்பிடி அளவு ஆர்க்கிட், மொட்டோடு. எல்லாரும் படம் எடுத்தோம்.

ராகவன் மட்டும் எடுக்கவில்லை. பையோடு புதருக்குள் போனார். ஐந்து நிமிடம் கழித்து வேர்த்த முகத்தோடு, ஜிப்பை இழுத்தபடி வந்தார். அடுத்த அரை மணியில் மறுபடியும். என்னைப் பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டார். பதினெட்டு வருட அனுபவம் எனக்குள் மணி அடித்தது.

மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு சின்ன நீர்வீழ்ச்சி. தேநீர் குடித்துவிட்டு அதே வழியில் திரும்பினோம். 10:50க்கு அந்தக் கிளையை அடைந்தபோது ஆர்க்கிட் இல்லை. பட்டை உரிந்து ஈரமாகத் தெரிந்தது. கலா கிளையைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் அவளருகே போய், "அந்த நீலப் பைக்காரர்தான். ரெண்டு தடவை புதருக்குள்ள போனாரு" என்றேன்.

"கண்ணால பார்த்தீங்களாக்கா, அவரு எடுத்ததை?"

"எடுத்ததைப் பார்க்கல. ஆனா..."

கலா தயங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "சார், உங்க பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க. எல்லாருக்கும் நல்லது" என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன்.

ராகவன் என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பாறைமேல் பையை வைத்து, ஜிப்பை முழுக்கத் திறந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். மடித்த காற்சட்டைகள் இரண்டு. ஒரு பிளாஸ்டிக் பையில் ஈரமான இன்னொன்று. பெரியவர்களுக்கான டயப்பர் ஒரு பாக்கெட். தண்ணீர் போத்தல்.

"புரொஸ்டேட் ஆப்பரேஷன் பண்ணி மூணு மாசம் ஆச்சும்மா. அடக்க முடியாது. டாக்டர் நடக்கச் சொன்னாரு, அதான் வந்தேன்."

கலா குனிந்து அவர் துணிகளை அவளே உள்ளே வைத்தாள். "இனி யாரும் எதையும் திறக்க வேணாம். வாங்க போலாம்" என்று நடக்கத் தொடங்கினாள்.

எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. கடைசியில் வந்துகொண்டிருந்த அண்ணியின் பையில் தண்ணீர் இருந்தது, எடுக்கக் கை நீட்டினேன். அண்ணி சட்டென்று பையை மறுபக்கம் மாற்றிக்கொண்டார்.

"தண்ணி தீர்ந்துபோச்சு."

தீர்ந்திருக்க முடியாது. அவர் குடித்து நான் பார்க்கவே இல்லை. அப்போதுதான், போகும்போது அண்ணியும் அந்தக் கிளைக்குப் பக்கத்தில் வெகுநேரம் பின்தங்கியது நினைவுக்கு வந்தது. கால் வலி என்றார். நான் கேள்வியே கேட்காமல் நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

"பையைக் குடுங்க அண்ணி."

"கேட்டுல காவல் நிக்கிற ஜாகா மாதிரி பேசாத மாலா."

வாங்கிவிட்டேன். போத்தல் தண்ணீரில் நனைத்த துண்டுக்குள் ஆர்க்கிட், வேரோடு.

"சின்னத் துண்டுதான் லா. முறிஞ்ச கொம்பு, எப்படியும் ஆத்துல போயிருக்கும். நான் காப்பாத்தினேன்னு நெனச்சுக்கோ. கார்ல போய்ட்டா யாருக்குத் தெரியும்?"

அவர் சொன்னதில் பாதி உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த மனிதர் பாறைமேல் துணிகளை அடுக்கியபோது அண்ணி என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் போய், செடியைத் துண்டோடு கலாவின் கையில் கொடுத்தேன். பிறகு ராகவனிடம் போய், மெதுவாக, "எடுத்தது எங்க அண்ணி சார். என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

அவர் நடப்பதை நிறுத்தினார். "என்னைத் திறக்கச் சொன்னப்ப சத்தமா சொன்னீங்க. இதையும் சத்தமா சொல்லுங்க."

சொன்னேன். எல்லாரையும் நிற்கவைத்து, யார் எடுத்தது, யார்மேல் நான் பழி போட்டேன் என்று சொன்னேன். அண்ணி யாரையும் பார்க்காமல் முன்னே நடந்து போய்விட்டார். ராகவன் தலையை ஒருமுறை அசைத்தார். மன்னித்தாரா என்று தெரியாது.

கலா தன் தலைத்துணியைக் கிழித்து, உயரமான ஒரு மரத்தின் கவட்டில் செடியைக் கட்டினாள். "புடிச்சாலும் புடிக்கும்" என்றாள். கேட்டில் தோட்டத்து மேனேஜருக்கு அவளே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். "வேற யாராச்சும் சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடறது நல்லதுக்கா" என்றாள். ஈப்போ வரைக்கும் அண்ணி என்னிடம் பேசவில்லை. இப்போதும் அண்ணன் மூலமாகத்தான் பேச்சு.

இரண்டு வாரம் நடை நின்றது. பிறகு மறுபடியும் தொடங்கியிருக்கிறது, ஒரு புதிய விதியோடு.

போக நினைப்பவர்களுக்கு: கோலா தெர்லா நெரிசலுக்குப் பயந்து ஐந்து மணிக்குள் கிளம்புங்கள். வழுக்காத காலணி வேண்டும், பாதி வழி சேறு. தானா ராத்தாவில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள், உள்ளே கடை இல்லை. இப்படிப்பட்ட நடைகளைப் பற்றித் தங்கும் விடுதிகளில் கேட்டால் சொல்வார்கள். கலாவின் நடையில் இப்போது பை அனுமதி இல்லை, ஒரு தண்ணீர் போத்தல் மட்டும். பைகளைக் கேட்டில் வைத்துவிட வேண்டும். அதற்குக் காரணம் நாங்கள்.

மருந்தோ மாற்றுத்துணியோ தேவைப்படுகிறவர்கள் முன்கூட்டியே கலாவிடம் தனியாகச் சொன்னால் போதும். அவர்கள் மட்டும் பையோடு நடக்கலாம். எதற்கு என்று கலா கேட்கமாட்டாள். கூட நடப்பவர்களும் கேட்கக் கூடாது.