எட்டு வயதுக்கு மேற்பட்டவர்

விடாமல் மழை கொட்டிய ஒரு நவம்பரில், அக்காவும் அத்திம்பேரும் வேளச்சேரியிலிருந்து மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த அவர்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். மாத்திரைகள், நகைகள், நார்த்தங்காய் ஊறுகாய் என்று எல்லாவற்றையும் அக்கா நினைவாக எடுத்து வந்திருந்தாள். அத்திம்பேரின் மூக்குக்கண்ணாடி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

அத்திம்பேர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேப்பரில் பங்குச் சந்தைப் பக்கம் தவிர வேறெதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை. எங்கள் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகங்கள். வரும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று, "இதையெல்லாம் யார் தூசி தட்டறா?" என்று விசாரிப்பார். அவருக்கும் இலக்கியத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

வந்த அன்றே கரண்ட் போயிற்று. மத்தியானத்துக்குள் எல்லோருடைய செல்போனும் அடங்கியது. அத்திம்பேர் கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தார். சமையலறைக்குள் வந்து, ரசத்தில் புளி தூக்கல் என்றார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்னா, சித்த உக்காந்து ஏதாவது படிங்கோளேன். இத்தனை புஸ்தகம் இருக்கே."

"கண்ணாடி இல்லாம எப்படிப் படிக்கறது?"

எனக்குக் குறும்பு தோன்றியது. வருகிறவர்கள் என்னைப் பெரிய படிப்பாளி என்று நினைப்பதற்கான புத்தகங்களைக் கண்ணுக்கு நேரான தட்டுகளில் வைத்திருக்கிறேன். மகள் சின்னவளாக இருந்தபோது வாங்கியவையெல்லாம் அடித்தட்டில், நாற்காலி மறைவில். அதிலிருந்து கொட்டை எழுத்துப் புத்தகம் ஒன்றை உருவினேன். ஏரிகளைப் பற்றியது. அட்டையில் ஒரு தவளை குடை பிடித்துக்கொண்டு நின்றது. 'எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு' என்று போட்டிருந்தது.

"இந்தாங்கோ அத்திம்பேர். வயசெல்லாம் சரியாத்தான் இருக்கு."

முறைத்தார். ஆனாலும் வாங்கிக்கொண்டு பால்கனி வெளிச்சத்துக்குப் போனார். அப்புறம் சத்தமே இல்லை. அக்கா பயந்துபோய் எட்டிப் பார்த்தாள். மனிதர் புத்தகத்தைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்து, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் காபி கொண்டுபோனேன். "ஒரு ஏரி நிரம்பினா தண்ணி அடுத்த ஏரிக்குப் போகுமாம், தெரியுமோ? நடுவுல யாராவது வீடு கட்டினா?" என்றார்.

"வீட்டுக்குள்ள போகும்."

"நம்மாத்துக்குள்ள தண்ணி வந்துடுத்துன்னு காலம்பறலேர்ந்து திட்டிண்டிருக்கேன். அதோட ஆத்துக்குள்ள நாமன்னா போய் உக்காந்துண்டிருக்கோம்!"

அவர் சிரிக்கவில்லை. 'ஏரியைப் பார்த்த வீடு' என்ற விளம்பரத்தைக் கத்தரித்து வைத்து, ஆசை ஆசையாக அந்த வீட்டை வாங்கியவர் அவர்தான். நானும் அன்று மேற்கொண்டு கேலி செய்யவில்லை.

மறுநாள் தானாகவே நாற்காலியை நகர்த்தி அடித்தட்டின் முன்னால் உட்கார்ந்தார். எறும்புகள், கிரகங்கள், யானையோடு ஊர் சுற்றிய ஒரு பெண்ணின் கதை என்று தட்டு காலியானது. மழை விட்டதும், "இன்னும் இந்த மாதிரி எங்க கிடைக்கும்?" என்று கேட்டார். மூன்று பேருமாக லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடைக்குப் போனோம். அத்திம்பேர் நேராகக் குழந்தைப் புத்தகக் குவியலின் முன் குந்தினார்.

"கொயந்த இன்னா கிளாஸ் படிக்குது சார்?" என்றார் கடைக்காரர்.

"ரிட்டயர் ஆயிடுத்துப்பா," என்றாள் அக்கா.

கடைக்காரர் சிரித்துவிட்டு, "அப்போ இந்தாண்ட பாரு சார், பெரிய எய்த்துல நெறைய கீது," என்று இன்னொரு கட்டைப் பிரித்துப் போட்டார்.

அதில் பாலங்கள் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் இருந்தது. கணக்கும் விஞ்ஞானமும் எனக்கு ஆகாது என்று பள்ளிக்கூடத்தோடு தலைமுழுகியவள் நான். சும்மா பிரித்தேன். ஆற்றுக்கு நடுவில், தண்ணீருக்குள் எப்படித் தூண் நிறுத்துகிறார்கள் என்று படம் போட்டு விளக்கியிருந்தது. தினம் அடையாறு பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறேன். ஒரு நாளாவது இதை யோசித்ததுண்டா? நின்றபடியே பாதியைப் படித்துவிட்டேன்.

பக்கத்திலிருந்து அத்திம்பேர் எட்டிப் பார்த்தார். "பத்து வயசுக்கு மேலன்னு போட்டிருக்கே. உனக்குப் புரியறதோ?"

வேளச்சேரியில் தண்ணீர் வடிந்து அவர்கள் வீடு திரும்பினார்கள். இப்போதெல்லாம் அத்திம்பேர் என் அலமாரியில் தட்டுத் தட்டாக மேலே ஏறி வருகிறார். துப்பறியும் கதைகளைத் தாண்டிவிட்டார். போன மாதம் ஒரு தடித்த காதல் நாவலை எடுத்துப் போனார். இரண்டொரு நாளில் அக்கா போன் செய்தாள்.

"என்னத்தைக் குடுத்தனுப்பினே? சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டேங்கறார். மூக்கை உறிஞ்சிண்டு உக்காந்திருக்கார். கேட்டா, 'பாவம்டி அந்தப் பொண்ணு'ங்கறார். யாரு அவ?"

"படிச்சுப் பாரேன்."

"எனக்கெங்கே நேரம்? அவளுக்குக் கல்யாணம் ஆறதா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

சொல்ல மாட்டேன் என்று போனை வைத்துவிட்டேன். மறுநாள் அத்திம்பேரிடமிருந்து புகார் வந்தது. புத்தகத்தை அக்கா பிடுங்கிக்கொண்டுவிட்டாளாம். கேட்டால், ஒரே ஒரு அத்தியாயம், தந்துடறேன் என்கிறாளாம்.