கடைசிக் கூடை ஏறாமல் நகராத ரயில்

எழுபதுகளில் நடந்தது இது. ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் எங்கள் ஊர். தினமும் பஸ் பிடித்து வாலாஜாபாத் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து செங்கல்பட்டுக்கு ரயிலில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போவேன். வெள்ளைக்காரன் காலத்து மீட்டர் கேஜ் பாதை, கரி இன்ஜின். அந்த ரயில் ஓடியது என்று சொல்ல எனக்கு மனசு வராது.

போதாததற்குக் கீரைக்காரம்மாக்கள். பாலாற்றங்கரைத் தோட்டங்களிலிருந்து கூடை கூடையாகக் கொண்டு வருவார்கள். கடைசிக் கூடை ஏறும்வரை கார்டு பச்சைக்கொடியைச் சுருட்டியே வைத்திருப்பார். அந்த லைனில் அதுதான் வழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் பொறுக்க முடியாமல் இறங்கிப் போய், "இது ரயிலா, கட்டை வண்டியா?" என்று கார்டிடம் கேட்டே விட்டேன். அவர் ஏறும் கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தலையில் கூடையோடு நின்ற ஒரு கீரைக்காரம்மா மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆற அமர ஏறினாள்.

கொஞ்ச நாளில் செங்கல்பட்டில் ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது. அப்பா உடம்பு முடியாமல் படுத்திருந்த நேரம். வீடே அந்த வேலையை நம்பியிருந்தது. அன்றைக்குப் பார்த்து பஸ் பாதி வழியில் படுத்துக்கொண்டது. அந்த ரயிலை விட்டால் அடுத்தது மத்தியானம்தான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பஸ்ஸையும் டிரைவரையும் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே ஓடினேன். ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிந்தபோது இன்ஜின் ஊதிவிட்டது. எல்லாம் போச்சு என்று அழுகையே வந்துவிட்டது.

ஆனால் ரயில் நகரவில்லை. ரோட்டில் நான் ஓடிவருவதை அதே கீரைக்காரம்மா பார்த்திருக்கிறாள். கடைசிக் கூடையைப் பிளாட்பாரத்தில் இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து அசையாமல் நின்றிருந்தாள். ஜன்னல்தோறும் தலையை நீட்டி அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் படியில் கால்வைத்த பிறகுதான் கூடையைத் தூக்கினாள்.

மூச்சு வாங்க உட்கார்ந்த என்னிடம், "இன்னா பாப்பா, இன்னிக்கி கார்டாண்ட சண்ட இல்லியா?" என்றாள். நான் நகர்ந்து அவள் கூடைக்கு இடம் விட்டேன்.

வேலை கிடைத்தது. இன்று அந்த ஸ்டேஷனில் சரக்கு ரயிலில் ஏறுவது ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் செய்த புத்தம்புதுக் கார்கள். ரயில் தாமதமானால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால், யாராவது ஓடி வருகிறார்களா என்று ஒருமுறை ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.