பெட்டியைக் கீழே வைக்காதவள்

அந்த நாவலின் முடிவு தவறு என்று நான் சொன்னேன். சொன்னது தெருவில், காலை வேளையில், பத்துப் பேர் காது கேட்க. அதற்காக, நான் பன்னிரண்டு ஆண்டுகளாக அமர்ந்திருந்த இடத்திலிருந்து என்னை எழுப்பப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. எண்பதை நெருங்கும் இந்த வயதில் இதை எழுதுவது யாரிடமும் நியாயம் கேட்பதற்காக அன்று. நான் சொன்னது சரி என்று இன்றும் எண்ணுகிறேன், அவ்வளவுதான்.

அறுபதுகளின் இறுதி ஆண்டுகள் அவை. பிள்ளையார்பாளையத்தில் என் கணவர் வீட்டிலேயே பட்டுத்தறி வைத்திருந்தார். திங்கள்தோறும் மாலையில் நாங்கள் இருபது பேர் கோயில் மதிலை ஒட்டிய சிறு மண்டபத்தில் கூடி அடியார்களின் பதிகங்களைப் பாடுவோம். முதலடியை ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் இரண்டாம் அடியிலிருந்து சேர்ந்துகொள்வார்கள். அந்த முதலடி என்னுடையது. எழுத்தறியும் முன்பே என் தந்தையார் பதிகங்களை என் நாவில் ஏற்றியிருந்தார். சபையில் எனக்கு இருந்த மதிப்பு அனைத்தும் அந்த ஓரடியில் இருந்தது. வீட்டில் நான் யாருக்கோ மனைவி, யாருக்கோ தாய். மண்டபத்தில் மட்டும் நான் வாய் திறக்காமல் எதுவும் தொடங்காது.

பதிகம் பாடும் நான் நாவலும் படித்தேன். வார இதழ்களில் தொடராக வந்து, பின் நூலாக வெளிவந்தவை எல்லாவற்றையும் படித்தேன். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று அன்றும் கேட்டார்கள், பின்னாளில் என் மருமகளும் கேட்டாள். பொருந்தாமல் என்ன? அடியார்கள் இறைவனோடு ஊடியிருக்கிறார்கள், கோபித்திருக்கிறார்கள், நீ எனக்கு என்ன செய்தாய் என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறார்கள். மனிதக் குரலில் எது மெய், எது வேடம் என்று பிரித்தறிய அந்தப் பாடல்கள் என் காதுக்குக் கற்றுக்கொடுத்தன. அதே காதைக்கொண்டுதான் நாவலையும் கேட்டேன். ஆகவே எல்லா நூலையும் நான் புகழ்ந்துவிடவில்லை. ஊரெல்லாம் கொண்டாடிய ஓர் அரண்மனைக் கதையை, அதில் வாளுக்கு இருக்கும் உயிர் ஆளுக்கு இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தவள் நான்.

எங்கள் தெருவில் நூல்களைப் பற்றிப் பேச ஒரு வேளை இருந்தது. வெயில் ஏறுமுன், தறியில் ஏற்ற வேண்டிய நீள இழைகளான பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவார்கள். இரு புறமும் ஆட்கள் நின்று கஞ்சி தடவி, அறுந்த இழைகளைத் தேடித் தேடி முடிவார்கள். தன் வீட்டுப் பாவு இல்லையென்றாலும் பக்கத்து வீட்டுப் பாவுக்குப் போய் நிற்பது வழக்கம். நின்ற இடத்தை விட்டு இரண்டு மணி நேரத்துக்கு யாரும் நகர முடியாது. கைக்கு வேலை, வாய்க்கு ஓய்வு. எனவே அந்த வாரம் யார் எதைப் படித்தார்கள், யாருக்கு எது பிடிக்கவில்லை என்பதெல்லாம் பாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடக்கும். கோபித்துக்கொண்டு போகவும் வழியில்லை. இழை கையில் இருக்கும்.

நான் சொல்லும் நாவல் அந்த ஆண்டு எல்லோர் கையிலும் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் ஒருவரின் மனைவி, கணவரின் ஏச்சுப் பேச்சைத் தாங்காமல் ஒரு தகரப் பெட்டியோடு வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். வேறு ஊரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்கிறாள். முப்பது அத்தியாயங்கள் தலை நிமிர்ந்து வாழ்கிறாள். கடைசி அத்தியாயத்தில் அவளுக்கு ஜுரம் வருகிறது. திரும்பிப் போய்க் கணவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். சுபம்.

நூலகத்தில் பெயர் எழுதி வைத்துக் காத்திருந்து அதை வாங்கி வந்தேன். பிற்பகல்களில் என் கணவர் நெய்ய, நான் பக்கத்தில் அமர்ந்து உரக்கப் படித்தேன். அவருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனால் கதை கேட்பதில் அவரை ஏமாற்ற முடியாது. கடைசி அத்தியாயத்தை முடித்தபோது தறி நின்றிருந்தது.

"இன்னா இப்டி பண்ணிட்டாரு," என்றார். "எனக்குக் கை ஓடலை."

அடுத்த நாள் எதிர்வீட்டுப் பாவு. எதிர்வீட்டுக்காரர் கஞ்சி தடவும் குச்சத்தை உதறிக்கொண்டே தொடங்கினார்.

"கடைசியில நல்லா முடிச்சிக்கிறாரு. வூட்டுக்கு வந்துச்சா, கால்ல வுழுந்துச்சா, கதை முடிஞ்சிது. பொண்ணுன்னா அப்டிதான் இருக்கணும்."

"ஆமாமா," என்றாள் அவர் மனைவி, பாவுக்கு மறுபுறமிருந்து. "உன் கால்ல வுழுறவளுக்குக் கஞ்சி நாத்தத்துலயே உசுரு போயிடும்."

தெரு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. "முப்பது அத்தியாயம் அந்தப் பொண்ணு நிமிந்து நின்னுக்கினு இருந்தா," என்றேன். "கடைசியில எழுதினவருக்குப் பயம் வந்துட்டுது. அவருக்கு வந்த பயத்துக்கு இவளுக்கு ஜுரம் வந்துது. முடிவு தப்பு."

"அப்ப, அவ திரும்பி வராமலே இருந்திருக்கணும்ன்றியா?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"வந்திருக்கக் கூடாது."

"சாமி பாட்டு பாடுற வாயாலயாமா சொல்ற?"

"அந்த வாயாலதான் சொல்றேன். எனக்கு வேற வாய் இல்லை."

"இழை அறுந்துக்கினு இருக்குது," என்றார் என் கணவர், தலை நிமிராமல். "கையைப் பாருங்கபா."

அந்தப் பேச்சு திங்கட்கிழமைக்குள் மண்டபத்தை எட்டியது. எட்டும்போது அதன் உருவம் மாறியிருந்தது: பதிகம் பாடுகிறவள் ஊர்ப் பெண்களைப் புருஷனை விட்டுப் போகச் சொல்கிறாள்.

சபைத் தலைவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கண்ணாடி தடித்தது; நினைவு அதைவிடத் தடித்தது. எந்தப் பாடலின் எந்த அடியைச் சொன்னாலும் அடுத்த அடியைச் சொல்லுவார். அவரிடம் எனக்குப் பெருமதிப்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. விளக்கேற்றியதும் பாடத் தொடங்காமல் என்னைப் பார்த்தார்.

"உன் குரலுக்கு நான் குறை சொல்லலைமா. ஆனா தெருவுல நின்னுக்கினு கதைப் புத்தகத்துக்கெல்லாம் தீர்ப்பு சொன்னா சபைக்கு மரியாதை இல்லை. இனிமே அந்தப் பேச்சு பேசறதில்லைன்னு சாமி முன்னால ஒரு வார்த்தை சொல்லிடு. சொல்லிட்டு முதலடி எடு."

"சொல்ல முடியாதுங்க ஐயா."

"சொல்லலைன்னா அந்த இடத்துல வேற ஒருத்தரை உட்கார வைக்க வேண்டியிருக்கும்."

என் அருகில் அமர்ந்திருந்த முதிய அம்மாள், நாங்கள் எல்லோரும் பெரியம்மா என்று அழைப்பவர், என் முழங்கையைத் தட்டினார். "இன்னாத்துக்குமா புடிவாதம்? ஒரு வார்த்தை சொல்லிட்டு வூட்ல போய்ப் படிச்சிக்கோயேன். யாரு பாக்கப் போறாங்க?"

"மறைச்சிப் படிக்கலாம் பெரியம்மா. மறைச்சா, அது தப்புன்னு நானே ஒத்துக்கினதா ஆயிடும்."

தலைவர் சற்று யோசித்துவிட்டு, "நான் சொல்ல வேணாம், நீயும் சொல்ல வேணாம். கயிறு சாத்திப் பார்ப்போம்," என்றார்.

முடிவெடுக்க இயலாதவற்றை இறைவனிடம் விடும் முறை அது. பதிகப் புத்தகத்தைப் பட்டில் பொதிந்து பலகைமேல் வைத்து, மலரிட்டு, கற்பூரம் காட்டி, பொதியை ஓரம் மட்டும் நெகிழ்த்திப் பக்கங்களுக்கிடையே ஒரு நூற்கயிற்றைச் செலுத்துவார்கள். கயிறு விழுந்த பக்கத்தில் வரும் முதல் அடியே திருவாக்கு. ஒரு கேள்விக்கு ஒரு நாளில் ஒரே முறை. விடை பிடிக்கவில்லை என்று மறுமுறை சாத்துவது எங்கள் சபையில் கிடையாது.

சபையின் பதிகப் புத்தகம் வாரம் ஒரு வீட்டில் இருக்கும். அந்த வாரம் என் வீட்டில் இருந்தது. மண்டபத்துக்கு வரும் வழியில் நாவலை நூலகத்தில் சேர்த்துவிடலாம் என்று அதையும் அதே பையில் வைத்துக்கொண்டு வந்தேன், நூலகம் பூட்டியிருந்தது. சாயம் படிந்த கைகளால் எந்த நூலையும் நான் வெறுமனே தொடுவதில்லை. தறியில் மிஞ்சும் அரக்குநிறப் பட்டுத் துண்டில்தான் எல்லா நூல்களையும் பொதிவேன். பதிகத்துக்கு ஒரு துணி, நாவலுக்கு ஒரு துணி என்று நான் பிரித்ததில்லை. பெரியம்மா என் பைக்குள் கைவிட்டு மேலாக இருந்த பொதியை எடுத்துக் கண்ணில் ஒற்றிப் பலகைமேல் வைத்தார். நான் கோபத்தில் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

தலைவர் கண்களை மூடி, கேள்வியை மனத்துக்குள் சொல்லி, கயிற்றைச் செலுத்தினார். பண் ஒன்றை மெல்ல முனகி ஏற்றிக்கொண்டே பக்கத்தைப் பிரித்தார். பண் முன்னே வந்துவிட்டது. சொல் பின்னே வந்தது. நிறுத்த முடியாமல், நெடிய இராகத்தில், தலைவர் பாடினார்:

"அவள் பெட்டியைக் கீழே வைக்கவில்லை..."

கைகள் கூப்பியபடியே இருந்தன. பெரியம்மா மட்டும் பக்தியோடு கேட்டார்: "எந்தப் பதிகம் ஐயா இது? கேட்டாப்ல இல்லையே."

யாரும் எந்த அடியைக் கேட்டாலும் இடம் சொல்லிப் பழகியவர் அவர். அந்தப் பழக்கம் அன்று அவரைக் காட்டிக்கொடுத்தது. "இது பதிகம் இல்லை பெரியம்மா. அவ வீட்டை விட்டுக் கிளம்பறப்போ, வாசப்படியில மாமியார் வந்து மறிக்கிற இடம்."

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னதைத் தாமே கேட்டார். புத்தகத்தின் அட்டை துணிக்குள் இருந்தது. பிரித்த பக்கத்தில் அவர் படித்தது அந்த ஓரடிதான். மாமியார் அடுத்த பக்கத்தில்தான் வருகிறாள். பின்வரிசையில் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மண்டபமே சிரித்தது. பெரியம்மாவுக்கு விளங்கியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஐயையோ, கற்பூரம் வேற காட்டிட்டனே!" என்றார்.

நான் அப்போதும் சிரிக்கவில்லை. "ஐயாவும் படிச்சிருக்கீங்க," என்றேன்.

"படிச்சேன்," என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"முடிவு எப்படிங்க ஐயா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தப்பித்துக்கொள்வார் என்று எண்ணினேன், தப்பிக்கவில்லை. "திரும்பி வந்ததுதான் சரி. எழுதினவர் பயந்துட்டாருன்னு நீ சொன்னியாமே, அது தப்பு. ஜுரத்துல கிடக்கிறவளுக்குக் கஞ்சி வெச்சிக் குடுக்க ஒரு ஆள் வேணும். அதைத்தான் சொல்றாரு."

"எக்ஸ்சேஞ்சுல கூட வேலை செய்ற ரெண்டு பொண்ணுங்க அவகூட ஒரே அறையில தங்கிக்கினு இருந்தாங்களே. அவங்க கஞ்சி வெக்க மாட்டாங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சற்று நேரம் மேலே பார்த்தார். முப்பது அத்தியாயங்களையும் புரட்டுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. "கடைசி அத்தியாயத்துல அந்த ரெண்டு பேரும் வரவே இல்லை," என்றார்.

"எழுதினவரு மறந்துட்டாருங்க. இல்லைன்னா மறைச்சிட்டாரு."

"அப்பவும் நான் சொன்னதுதான் சரி."

"சரிங்க ஐயா. உங்களுக்கு ஒரு கருத்து இருக்குது. அதை வெச்சிக்கினு நீங்க உங்க இடத்துல உட்கார்ந்திருக்கீங்க. எனக்கு ஒண்ணு இருக்குது. நான் என் இடத்துல உட்கார்ந்திருக்கேன்."

யாரோ மெல்ல, "பதிகப் புத்தகத்துல இன்னொரு வாட்டி கயிறு சாத்தலாமே," என்றார்கள். அது கூடாது என்று தலைவரே தலையசைத்தார். நானும் கூடாது என்றேன். நாவலில் விழுந்த அடியைக் காட்டி இறைவன் என் பக்கம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அது பையில் நேர்ந்த பிழை. அந்தப் பிழைக்காக அன்று வீடு திரும்பியதும் விளக்கின் முன் நின்று மன்னிப்புக் கேட்டேன். கருத்துக்காகக் கேட்கவில்லை, கேட்கவேண்டிய ஒன்றாக அது எனக்குப் படவில்லை.

பதிகப் புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துப் பலகைமேல் வைத்தேன். நாவலை மடியில் வைத்துக்கொண்டேன். யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் முதலடியை எடுத்தேன். இரண்டாம் அடிக்கு ஒருவரும் வரவில்லை. மண்டபத்துச் சுவர்களில் என் குரல் மட்டும் மோதித் திரும்பியது. நிறுத்தவில்லை. முதல் பாடலைத் தனியே முடித்தேன். இரண்டாவதையும் தனியே முடித்தேன். மூன்றாவதில் பெரியம்மா சேர்ந்தார், தாளம் தப்பி. ஐந்தாவதில் பாதிப்பேர். தலைவர் கடைசிப் பாடல்வரை வாய் திறக்கவில்லை. கடைசிப் பாடலில் நான் ஒரு சொல்லை மறந்து தடுமாறியபோது அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

மறு திங்களும் என் இடத்தில் நான் உட்கார்ந்தேன். எழுந்திரு என்று ஒருவரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் மாகறல் கோயிலில் பாடுவதற்காகச் சபையினர் அனைவரும் பஸ்ஸில் போனோம். முன்னிருக்கையில் அமர்ந்திருந்த தலைவர் பாதி வழியில் திரும்பி, அந்தப் பேச்சுக்கு நடுவே இடைவெளியே இல்லாததுபோல், "அந்த ரெண்டு பொண்ணுங்களும் ராத்திரி டியூட்டிக்குப் போயிருக்கலாம் இல்லையாமா?" என்றார்.

"முப்பது நாளுமா ஐயா ராத்திரி டியூட்டி?"

"அது சரி," என்று திரும்பிக்கொண்டார். பஸ் கோயிலை அடையும்வரை வேறு என்னென்னவோ காரணங்களை யோசித்துக்கொண்டுதான் இருந்தார். எதுவும் அவருக்கே நிறைவாக இல்லை என்பது கழுத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

சந்நிதியில் முதலடியை நான் எடுத்தேன். இரண்டாம் அடிக்கு எல்லோரும் வந்தார்கள். அவர் குரலும் இருந்தது.

அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளாமலே காலமானார். அந்த நாவல் பின்னர் பல பதிப்புகள் கண்டது. ஒவ்வொரு பதிப்பையும் வாங்கிக் கடைசி அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன், ஒருவேளை மாற்றியிருப்பார்களோ என்று. மாற்றவில்லை. நானும் மாற்றிக்கொள்ளவில்லை. அவள் திரும்பி வந்திருக்கக் கூடாது.